இடுப்பளவு சொல்லும் சேதி

(நம் அறக்கட்டளை சார்பில் வடலூரில் பெண்களுக்காக நடைபெற்ற உடல்நல அமர்வில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத சகோதரிகளுக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்றைக்கு என்னோடு இரண்டு பொருள்களைக் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று தையல்காரர் பயன்படுத்தும் அளவு டேப். இன்னொன்று எங்கள் அம்மாவின் அளவு நோட்டு. அட்டை கிழிந்துபோன பழைய நோட்டு. எங்கள் அம்மா இந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் தைத்தார்கள். நம் தெருப் பெண்களுக்கு, பக்கத்துத் தெருப் பெண்களுக்கு, பெருநாள் வந்தால் குறிஞ்சிப்பாடியிலிருந்தும்கூட வருவார்கள். ஆண் தையல்காரரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம்தான் வருவார்கள். ஜாக்கெட்டுக்கு மார்பு, கைச்சுற்று, கழுத்து. உள்பாவாடைக்கு இடுப்புச் சுற்று, நீளம். எல்லாவற்றையும் தேதி போட்டு இதில் எழுதி வைப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் இதை உட்கார்ந்து புரட்டினேன். ஒரே பெண்ணின் அளவு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஆறு வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன். ஒருவருடைய அளவை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்குத் தைத்தபோது இடுப்பு 26 அங்குலம், கைச்சுற்று 9. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு இடுப்பு 31, கை 11. ஐம்பது வயதில் இடுப்பு 36, கை 12. அறுபத்தைந்து வயதில் இடுப்பு 35, கை 10.

கடைசி வரியைக் கவனியுங்கள். கை இரண்டு அங்குலம் இளைத்துவிட்டது. இடுப்பு ஒரே ஒரு அங்குலம்தான் குறைந்திருக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பு வாழ்நாள் முழுவதும் எப்படி மாறுகிறது என்பதை நான் பயிற்சியில் படித்ததைவிட இந்த நான்கு வரிகள் தெளிவாகச் சொல்கின்றன. இன்றைக்கு நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான். அழகைப் பற்றி இல்லை. யார் ஒல்லி, யார் குண்டு என்பதைப் பற்றியும் இல்லை. கொழுப்பு உடம்பில் எந்த இடத்தில் சேர்கிறது, அதனால் என்ன வருகிறது என்பதைப் பற்றி.

முதலில் சிறு வயதிலிருந்து தொடங்குவோம். பத்து வயது வரைக்கும் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பெண் பிள்ளை வயதுக்கு வரும் காலத்தில் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அது கொழுப்பை மார்பிலும், இடுப்பின் பக்கவாட்டிலும், தொடையிலும் சேர்க்கிறது. இது நோய் இல்லை. பிள்ளை சுமக்கவும் பால் கொடுக்கவும் உடம்பு சேர்த்து வைக்கும் சேமிப்பு இது. ஆகவே வயதுக்கு வந்த மகள் கொஞ்சம் சதை போட்டால், “என்னடி இப்படி ஆகிட்டே” என்று நான்கு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பட்டினி போட்டு இளைக்க வைக்கும் நிலையில் நம் பிள்ளைகள் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குத் தொடையில் இல்லாமல் வயிற்றில் மட்டும் சதை சேர்கிறது, மாதவிலக்கு இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, பின்கழுத்து கருத்துத் தடித்துப் போகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கழுத்துக் கருப்பை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிய தாய்மார்கள் உண்டு. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

அடுத்தது பிள்ளைப்பேறு. கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ வரை எடை கூடுவது சாதாரணம். பிள்ளை, நஞ்சுக்கொடி, நீர், கூடுதல் ரத்தம் எல்லாம் அதில் அடங்கும். பிரசவமான பிறகு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி குறைந்துவிட வேண்டும். குறையாமல் நின்றுவிடுகிற மூன்று கிலோதான் அடுத்த பிரசவத்தில் ஆறு கிலோ ஆகிறது. தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கும் நல்லது, தாயின் சேமிப்பும் செலவாகும்.

நாற்பது நாள் வீட்டில் நாம் செய்யும் கவனிப்பு நல்ல பழக்கம். பெற்ற உடம்புக்கு ஓய்வு தேவை. ஆனால் நாற்பது நாளும் அசையாமல் படுத்துக்கொண்டு, நெய்யும் கறியும் மட்டும் சாப்பிட்டு, காய்கறி தொடாமல், தண்ணீர்கூட அளந்து குடிப்பது சரியில்லை. மருத்துவர் அனுமதித்ததும் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். வயிற்றில் துணி கட்டுவதைப் பற்றி எல்லாரும் கேட்பீர்கள். துணி கட்டினால் இடுப்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். கொழுப்பு கரையாது. பிரசவத்தில் வயிற்றின் நடுத்தசை இரண்டு பக்கமும் விலகியிருக்கும். அதை மறுபடி இறுக்குவதற்கு மருத்துவமனையில் சொல்லித் தரும் மூச்சுப் பயிற்சியும் வயிற்றுத் தசைப் பயிற்சியும்தான் உதவும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த சகோதரிகள் இங்கே இருப்பீர்கள். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த எளிய சோதனையை நீங்கள் எல்லாரும் செய்துகொண்டிருப்பீர்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியை நம் நாட்டில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் அந்தச் சர்க்கரை இறங்கிவிடும். “போயிடுச்சு” என்று நாமும் மறந்துவிடுவோம். அங்கேதான் தவறு. அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தால் வயிறு வைத்துவிடும் என்ற பேச்சையும் நான் முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். அதில் சினைக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோன் சுரக்கும் சினைப்பையைத் தொடுவதில்லை. அந்த வயதில் வீட்டு வேலை மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, வயது ஏறுகிறது. பழி மட்டும் அறுவை மேல் விழுகிறது. ஆனால் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் விஷயம் வேறு. அன்றைக்கே மாதவிலக்கு நிற்கும் காலம் வந்துவிட்டதாக அர்த்தம். ஆகவே கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது மருத்துவரிடமும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இனி நாற்பதைத் தாண்டுவோம். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது பெரும்பாலும் 45-க்கும் 50-க்கும் இடையில். மேலை நாடுகளில் சராசரி 51. நமக்கு நான்கைந்து வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது குறையும்போது கொழுப்பு சேரும் இடம் மாறுகிறது. தொடைக்கும் இடுப்புப் பக்கவாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது இப்போது வயிற்றுக்குப் போகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடை கூடுவதற்கு முழுக் காரணம் மாதவிலக்கு நிற்பது இல்லை. வயதுதான் பெரிய காரணம். முப்பது வயதுக்குப் பிறகு தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தசைதான் உடம்பில் சாப்பாட்டை அதிகம் எரிக்கும் அடுப்பு. அடுப்பு சிறிதாகிவிட்டது, அரிசி மட்டும் அதே படி. மிச்சம் எங்கே போகும்? ஆக, எடை கூடுவது வயதாலும் பழக்கத்தாலும். கூடிய எடை வயிற்றில் போய் உட்காருவது ஹார்மோனால். “எனக்கு எடை கூடவே இல்லையே, பழைய துணி மட்டும் ஏன் பிடிக்கிறது?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறினால் தராசு முள் அசையாது. டேப் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

தொடைக் கொழுப்புக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் என்ன வித்தியாசம்? தொடையிலும் இடுப்புப் பக்கவாட்டிலும் இருப்பது தோலுக்கு அடியில் அமைதியாக இருக்கும். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேர்வது அப்படி இல்லை. அதிலிருந்து கொழுப்பு நேராக ஈரலுக்குப் போகிறது. இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, ஈரல் கொழுப்பு எல்லாவற்றுக்கும் வழி திறக்கிறது. பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதைக் கவனித்துச் சொன்னார். எவ்வளவு பருமன் என்பதைவிட எங்கே பருமன் என்பது முக்கியம் என்பதுதான் அவர் கண்டது. ஆண்கள் வயிற்றில் சேர்க்கும் மாதிரி, பெண்கள் தொடையில் சேர்க்கும் மாதிரி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணும் முதல் மாதிரிக்கு நகர்கிறாள். அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த மாரடைப்பு ஆபத்து அதன் பிறகு ஏறத் தொடங்குகிறது.

நம் நாட்டவருக்கு இதில் இன்னொரு சங்கடம். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே நகர மருத்துவர் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்து மருத்துவர் யுட்கின். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்றுதான். ஆனால் உடம்பில் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலர் அப்படித்தான். அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவு நமக்குப் பொருந்தாது. நம் பெண்களுக்கு வயிற்றுச் சுற்று 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் நாடு முழுவதும் பெண்களின் வயிற்றுச் சுற்றை அளந்தார்கள். பெண்களில் 100-க்கு 40 பேர் அந்த அளவைத் தாண்டியிருந்தார்கள். தமிழ்நாட்டில் அதிக எடை உள்ள பெண்கள் முந்தைய ஆய்வில் 100-க்கு 31 பேராக இருந்தது இந்த ஆய்வில் 40 ஆகிவிட்டது. நடுவில் போனது ஐந்தாறு வருடம்தான்.

நம் ஊரில் ஏன் இப்படி? அம்மிக்கல் போய்விட்டது, கிணறு போய்விட்டது. நல்லதுதான், நம் நன்னிமார் பட்ட கஷ்டம் நமக்கு வேண்டாம். ஆனால் அந்த வேலை போன இடத்தில் வேறு அசைவு எதுவும் வரவில்லை. பிள்ளைகளை ஆட்டோ ஏற்றிவிடுகிறோம், காய் வாசலுக்கே வருகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நைட்டி! என் அம்மா காலத்தில் ஜாக்கெட் பிடித்தால் உடனே தெரியும். “உடம்பு வளரும், துணி வளராது” என்பார்கள் அம்மா. உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரிசை தையல் போடுவார்கள், தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ள. ஒவ்வொரு முறை தையல் பிரிக்கும்போதும் அது ஒரு எச்சரிக்கை. இன்றைக்கு நாள் முழுக்க நைட்டி, வெளியே போனால் அதன் மேலே புர்கா. இரண்டும் தளர்வு. ஐந்து அங்குலம் கூடினாலும் துணி ஒரு வார்த்தை சொல்லாது. தளர்ந்த உடை நம் வசதிக்கும் பேணுதலுக்கும். அதை மாற்றச் சொல்லவில்லை. துணி சொல்லாததை டேப்பிடம் கேளுங்கள் என்கிறேன்.

எப்படி அளப்பது? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மெல்லிய துணியின் மேல். நேராக நின்று, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு. வயிற்றை எக்க வேண்டாம், டேப்பை இறுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். சுவரில் மாட்டிய காலண்டரில் எழுதி வையுங்கள். டேப்பில் அங்குலம்தான் படிக்கத் தெரியும் என்றால் அதுவும் போதும்.

இப்போது ஒரு கணக்கு. சென்னையில் மருத்துவர் மோகன் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட சர்க்கரை ஆபத்துக் கணக்கு இது. ரத்தம் எடுக்காமலே போடலாம். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 என்றால் 20, 50-க்கு மேல் 30. பெண்களுக்கு வயிற்றுச் சுற்று 80 சென்டிமீட்டருக்குக் கீழ் 0, 80 முதல் 89 வரை 10, 90-உம் அதற்கு மேலும் 20. உடற்பயிற்சியும் உண்டு, உழைப்பான வேலையும் உண்டு என்றால் 0, இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டிப் பாருங்கள். 60-ஐத் தொட்டால் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த நான்கில் வயதையும் பெற்றோரையும் நம்மால் மாற்ற முடியாது. வயிற்றுச் சுற்றையும் உழைப்பையும் மாற்ற முடியும்.

சகோதரிகளே, இந்த நோட்டில் ஊர்ப் பெண்கள் எல்லாருடைய அளவும் இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன். என் அம்மாவின் அளவு மட்டும் இல்லை. தன் துணியை அவர்கள் அளந்து தைத்ததே இல்லை. பழையதை வைத்து வெட்டுவார்கள், பிடித்தால் தையலைப் பிரித்துக்கொள்வார்கள். 1998-ல், 58 வயதில், கால் கட்டைவிரலில் ஒரு சிறிய காயம். தையல் மிஷினின் மிதிப்பலகை பட்டது. ஒரு மாதம் ஆறவில்லை. மஞ்சள் வைத்தார்கள், எண்ணெய் வைத்தார்கள். எனக்குத் தெரிந்தபோது விரல் கருத்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை 300-க்கு மேல். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அம்மா மிஷினை மிதிக்கவில்லை.

அப்போது நான் பணியில் இருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரில் சர்க்கரை பார்த்த கை இது. வீட்டிலிருந்த அம்மாவுக்கு ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பதுதான் அவர்கள் பேச்சு. போன மாதம் மேலே சொன்ன கணக்கை அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 30. கடைசிக் காலத்து உடம்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது, வயிற்றுச் சுற்று 36 அங்குலத்துக்குக் குறையாது, அதற்கு 20. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, 30. ஆக 80. ஒரு டேப்பும் ஒரு பென்சிலும் போதுமாயிருந்தது. டேப் அவர்கள் கழுத்திலேயே தொங்கியது.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் எல்லாருக்கும் அளந்து போடுகிறவர்கள். அத்தாவுக்கு மாத்திரை நேரம் தெரியும், பிள்ளைக்குத் தடுப்பூசி தேதி தெரியும். உங்கள் அளவு உங்களுக்குத் தெரியுமா?

என்ன செய்வது என்று சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது நடை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு வேகம் வேண்டும். சாலையில் நடக்கக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடி, பள்ளிக்கூடத் திடல், நான்கு பேர் சேர்ந்தால் தெருவே போதும். பஜ்ருக்குப் பிறகு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. முழங்கால் வலிக்கிறது என்று நடையை நிறுத்துவார்கள். தொடைத் தசை வலுவானால்தான் முழங்கால் பாரம் குறையும். மெதுவாகத் தொடங்குங்கள்.

இரண்டாவது சாப்பாடு. பட்டினி வேண்டாம். பிரியாணியை விடவும் சொல்லவில்லை, அதை ஜும்ஆ தோறும் சமைக்காதீர்கள் என்கிறேன். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை. நாற்பதுக்கு மேல் தசையைக் காப்பாற்றப் புரதம் அவசியம். வீட்டில் கறியும் மீனும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் நாம். மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று இரண்டு கரண்டி சோறும் சேர்த்து. அந்தப் பழக்கத்திலிருந்துதான் நம் வயிறு வந்தது. எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர், உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள்.

ரமலானில் நாள் முழுக்க நோன்பிருந்தும் பலருக்கு எடை கூடுகிறது. காரணம் நோன்பு இல்லை, மஃரிபுக்குப் பிறகு வரும் சமோசாவும் சர்பத்தும். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, பழம் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தாமாக மருந்து நேரத்தை மாற்றாதீர்கள்.

மூன்றாவது எலும்பு. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் சத்து வேகமாகக் கரைகிறது. வயதானவர்கள் உயரம் குறைந்து முதுகு வளைவது அதனால்தான். முதுகெலும்பு நசுங்கி உடம்பு குட்டையாகும்போது வயிறு முன்னே தள்ளும், அதையும் தொப்பை என்று நினைத்துக்கொள்வோம். கேழ்வரகு, பால், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சுண்ணாம்புச் சத்து தரும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அது எலும்பில் சேர வெயில் வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு சகஜம். யாரும் பார்க்காத மாடியிலோ கொல்லையிலோ கையிலும் காலிலும் முகத்திலும் கொஞ்ச நேரம் வெயில் படட்டும். அறுபதைத் தாண்டியவர்களை இளைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த வயதில் எடையைக் குறைப்பதைவிடத் தசையைக் காப்பதும் விழாமல் காப்பதும் முக்கியம்.

நான்காவது, எல்லா வயிறும் கொழுப்பு வயிறு இல்லை. இரண்டு மூன்று வாரமாக வயிறு உப்பிக்கொண்டே போகிறது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, கை கால் இளைக்கிறது என்றால் காட்ட வேண்டும். சினைப்பைக் கட்டியாக இருக்கலாம். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். மார்பில் கட்டி, முயற்சி செய்யாமலே எடை இறங்குவது, கால் வீக்கம், காரணம் தெரியாத அசதி எதையும் “வயசாயிடுச்சு” என்று ஒதுக்காதீர்கள்.

முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்க்கிறார்கள். பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெண் ஊழியர்தான் வருவார், கதவைத் திறந்து பேசுங்கள். மேல் சிகிச்சைக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்குப் பேசலாம்.

இந்த மடலை வீட்டு ஆண்களும் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியின், தாயின் உடம்பு மாறுவதைக் கேலி பேசாதீர்கள். உங்கள் பிள்ளைகளைச் சுமந்த உடம்பு அது. காலையில் அரை மணி நேரம் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அவர்கள் நடந்துவிட்டு வருவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் “சாப்பிட்டியா” என்று கேட்பதோடு “சுகர் பார்த்தியா” என்றும் கேளுங்கள்.

இப்போது வாசலருகே உள்ள அறையில் பெண்கள் மட்டும் அளவு எடுத்துக்கொள்ளலாம். நான் இருக்கிறேன், என் மகளும் இருக்கிறாள். எண்ணைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம். ஒரு சீட்டில் எழுதி உங்கள் கையில்தான் கொடுப்போம். அம்மாவின் நோட்டில் கடைசியில் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அதில் முதல் வரியாக என் அளவை இன்று காலை எழுதிவிட்டேன்: 34 அங்குலம். எனக்கும் வேலை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து இன்ஷா அல்லாஹ் இதே இடத்தில் மறுபடி அளப்போம். நீங்களும் வாருங்கள், உங்கள் தாயையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் எல்லாருக்கும் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.